மீன் குளத்து ஃபில்டரில் வளர்ந்த கீரையைச் சாப்பிடலாமா?

கேள்வி கேட்டவர் வீட்டுக்குப் பின்னால் சுமார் 4000 லிட்டர் குளம் வைத்திருக்கிறார். அதில் சில கோய் மீன்கள், கொஞ்சம் தங்கமீன்கள். பம்ப் தண்ணீரை ஒரு டிரம்முக்கு ஏற்றுகிறது. டிரம்முக்குள் ஸ்பாஞ்சும் ஜல்லியும் இருக்கின்றன, அங்கிருந்து தண்ணீர் வழிந்து மறுபடி குளத்தில் விழுகிறது. "ஃபில்டரிலும் குளத்திலும் சாப்பிடுகிற செடி என்ன வளர்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். ஆனால் அதற்குக் கீழே அவரே சேர்த்திருக்கும் இரண்டு வரிகளில்தான் உண்மையான கவலை இருக்கிறது. மீன் கழிவு ஓடுகிற தண்ணீரில் வேர்விட்ட கீரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்பது ஒன்று. செடி வைத்துவிட்டால் ஃபில்டர் கழுவுகிற வேலை ஒழியுமா என்பது இன்னொன்று. மீன்வளம் படித்துவிட்டு இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'சாப்பிடலாம்'. இரண்டாவதற்கு 'ஒழியாது, கூடலாம்'. அந்தப் 'பெரும்பாலும்' எதைப் பொறுத்தது என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியம். எந்தச் செடி என்பது அதற்கு அப்புறம்தான்.

சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் முடித்துவிடலாம். மீன் தின்னும் தீவனத்தில் உள்ள புரதம் உடைந்து அம்மோனியாவாகி, பெரும்பகுதி செவுள் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. ஜல்லியிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். புது ஃபில்டரில் இவை நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் இழுக்கும். செடி அம்மோனியாவையும் எடுக்கும், நைட்ரேட்டையும் எடுக்கும். ஆனால் மீனின் எச்சம், தின்னாமல் விட்ட தீவனம், உதிர்ந்த இலை போன்ற கெட்டிக் கசடை எந்தச் செடியும் அப்படியே உறிஞ்சாது. யாரோ அதை வெளியே எடுக்க வேண்டும், அல்லது பாக்டீரியா அதை மட்கவைக்க வேண்டும். மட்கும்போது ஆக்சிஜன் செலவாகும், புதிதாக அம்மோனியாவும் வரும். ஆகவே செடி இருந்தாலும் ஸ்பாஞ்சைப் பிழிந்துதான் ஆக வேண்டும். செடியின் லாபம் கடைசிக் கட்டத்தில்: தண்ணீர் மாற்றித்தான் குறைக்க முடிகிற நைட்ரேட்டைக் கீரையாக மாற்றித் தருகிறது.

இன்னொரு லாபமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. குளம் பச்சையாக இருந்தால், அந்த மிதக்கும் பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மாலைக்குள் பிஎச்சை (தண்ணீரின் அமில-கார அளவை) ஏற்றிவிடும். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் மீனுக்கு நேரடியாக நஞ்சான வடிவம் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பிஎச் 8 என்றால் 5 சதவீதம் தாண்டும். பிஎச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதாவது காலையில் டெஸ்ட் கிட் காட்டும் அதே அம்மோனியா, மாலையில் மீனைக் கொல்லப் போதும். கீரைச் செடிகள் பாசியின் சத்தைப் பங்கு போட்டு, தண்ணீருக்கு நிழலும் கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் தணியும். 'செடி வைத்தால் தண்ணீர் கண்ணாடியாகிவிடும்' என்று சத்தியம் செய்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். சில குளங்களில் ஆகிறது, சிலவற்றில் ஆவதில்லை. வெயில், மீன் எண்ணிக்கை, செடியின் வளர்ச்சி வேகம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் அது.

எவ்வளவு செடி வைப்பது? இதற்குப் பயன்படும் அளவுகோல் மீனின் எண்ணிக்கையோ குளத்தின் லிட்டரோ அல்ல, தினமும் போடும் தீவனத்தின் எடை. ஐநாவின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு சிறிய மீன்-செடி அமைப்புகளுக்காக 2014-இல் வெளியிட்ட கையேட்டில், ஒரு சதுர மீட்டர் கீரை வகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய் பிடிக்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் என்று இருக்கிறது. உணவு மீன் வளர்ப்பவர்களுக்கான கணக்கு அது. அழகு மீன் குளத்தில் தீவனம் குறைவாகத்தான் போடுவோம், அதனால் இதை மேல் வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 40 கிராம் போடுகிற குளம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் கீரையைத் தாங்கும், அவ்வளவுதான். தக்காளி, மிளகாய் ஆசையை முதல் வருடம் தள்ளிவைப்பது நல்லது. கீரைக்காகத் தீவனத்தைக் கூட்டுவது அதைவிடப் பெரிய தப்பு. செடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன் அது மீனின் செவுளைச் சுற்றித்தான் இருக்கும்.

இப்போது ஃபில்டர். உங்கள் டிரம்முக்குள்ளேயே செடி நட வேண்டாம் என்பதுதான் என் யோசனை. காரணம் வேர். புதினாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடித் தண்டைச் செருகினால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஜல்லிக்கு நடுவே வெள்ளை வேர் ஓட ஆரம்பிக்கும். ஒரு பருவம் முடிந்து பிடித்து இழுத்தால் ஜல்லியோடு சேர்ந்து தென்னைநார் மிதியடி போல ஒரே பாளமாக மேலே வரும். அந்தப் பாளத்துக்குள் தண்ணீர் நுழையாது, பக்கத்தில் வழி தேடிப் போகும். வழி கிடைக்காவிட்டால் டிரம்மின் விளிம்பைத் தாண்டி வெளியே வழியும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், குளம் தரையில் காலியாகும். பாளத்துக்கு அடியில் கசடு தேங்கி, ஆக்சிஜன் போய், கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. அந்த நிலையில் ஃபில்டரைக் கிளறிவிட்டுத் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பவே கூடாது.

அதனால் டிரம் டிரம்மாகவே இருக்கட்டும். அதிலிருந்து குளத்துக்குத் திரும்புகிற குழாயில் ஒரு T வடிவ இணைப்பு போட்டு, தண்ணீரில் ஒரு பகுதியை மட்டும் பக்கத்தில் ஒரு ஜல்லித்தொட்டிக்குக் கொடுங்கள். கெட்டிக் கசடு முன்னாடியே ஸ்பாஞ்சில் நின்றுவிடுவதால் ஜல்லி சீக்கிரம் அடைக்காது. அப்படியே அடைத்தாலும் வால்வை மூடிவிட்டுப் பொறுமையாகச் சுத்தம் செய்யலாம், குளத்தின் ஃபில்டர் நிற்காது. தொட்டிக்கு 30 சென்டிமீட்டர் ஆழம் போதும், ஜல்லி 10 முதல் 20 மில்லிமீட்டர். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே ஏறி வழிய வேண்டும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு மூன்று நாலு சென்டிமீட்டர் கீழே இருந்தால் மேலே பாசி படராது, கொசு முட்டையிடவும் இடம் கிடைக்காது. அடியில் ஒரு வடிகால் குழாய் கட்டாயம் வையுங்கள், அப்புறம் வைக்கவே முடியாது. ஜல்லியைக் கழுவிவிட்டு அதன் மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், பிஎச்சைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கும், வேண்டாம். எடையையும் யோசியுங்கள்: ஒரு சதுர மீட்டர் தொட்டியில் ஜல்லி மட்டுமே 450 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், சாதாரண ஸ்டாண்ட் தாங்காது.

இந்தத் தொட்டியில் எது வரும் என்றால், ஈரத்தை விரும்புகிற கீரை எல்லாம் வரும். வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, செலரி, தண்ணீர் குளிர்ந்திருக்கும் இடங்களில் வாட்டர்கிரெஸ். வேகத்தில் வள்ளைக்கீரையை அடிக்க ஆளில்லை, நைட்ரேட்டை இழுப்பதிலும் அப்படியே. அதே வேகத்தால்தான் அது சில நாடுகளில் ஆக்கிரமிப்புக் களையாகவும் பார்க்கப்படுகிறது. அமெரிக்காவில் கூட்டரசின் தொல்லைக் களைப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்டிய தண்டை ஓடையிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். குளத்துக்குள்ளேயே என்றால் தாமரையும் சேம்பும். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் அடக்கி உள்ளே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாமரைக் கிழங்கு குளம் முழுக்க ஓடும். சேம்பின் இலையிலும் கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் நன்றாக வேகவைக்காமல் வாயில் வைக்கக் கூடாது. கோய் இருக்கிற குளத்தில் மெல்லிய வேர் எதுவும் தப்பாது, மீன் கொறித்துவிடும். வலைக் கூண்டுக்குள் வைத்தால்தான் நிற்கும். ஒரு எச்சரிக்கை: குளக்கரையில் தானாக முளைத்ததைப் பறித்துத் தின்னாதீர்கள். வாட்டர் செலரி என்று சாப்பிடப்படும் செடியின் பேரினத்திலேயே ஆளைக் கொல்லும் நஞ்சுள்ள உறவுக்காரச் செடியும் இருக்கிறது. பெயர் உறுதியாகத் தெரிந்து நீங்களே நட்டதை மட்டும் பறியுங்கள்.

செடி வைத்த சில வாரங்களில் ஒரு காட்சி அநேகமாக வரும். பழைய இலை பச்சையாக இருக்கும், புதிதாக விரியும் நுனி இலை மட்டும் வெளிறி மஞ்சளாகும். இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு இருப்பதில்லை, பிஎச் ஏறினால் இருப்பதும் வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்குப் போய்விடும். துருப்பிடித்த ஆணியைப் போடுவது பலன் தராது. கீலேட் வடிவ இரும்பு (தண்ணீரில் கரைந்தே நிற்கும்படி வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) வாங்கி லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குப் போடுங்கள். பிஎச் 7.5 வரை டிடிபிஏ வகை நிற்கும். அதற்கு மேல் என்றால் ஈடிடிஹெச்ஏ வகை, அதில் தண்ணீர் கொஞ்ச நாள் சிவப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பாசிக்காக வைக்கும் யூவி (புற ஊதா) விளக்கு ஓடிக்கொண்டிருந்தால் அது கீலேட்டை உடைத்துவிடும், அதனால் இரும்பு போட்டதும் சில நாள் அணைத்து வைக்கவும். மஞ்சளைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து யூரியாவையோ கலப்பு உரத்தையோ எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அடுத்த நாளே மீன் செத்து மிதக்கலாம். பூச்சி மருந்தும் அப்படித்தான், பைரித்ராய்டு வகை மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி விடுங்கள், குளத்தில் விழுந்ததை மீன் தின்றுகொள்ளும்.

சரி, சாப்பிடுவது. மீன் கழிவு என்றதும் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் மீன் குளிர்ரத்தப் பிராணி. மனிதக் குடலைப் பதம் பார்க்கும் ஈ.கோலை வகைகளின் இயல்பான இருப்பிடம் வெப்பரத்தப் பிராணிகளின் குடல்தான். ஆகவே குளத்தில் பயப்பட வேண்டியது மீனை விட, மேலே வந்து உட்காரும் பறவையையும், இரவில் தண்ணீர் குடிக்க வரும் எலியையும், காலை நனைக்கிற நாயையும்தான். மீன், தவளை, ஆமை ஆகியவற்றிலும் சால்மோனெல்லா இருக்கலாம் என்பதால் 'மீன் தண்ணீர் சுத்தம்' என்றும் சொல்லிவிட முடியாது. நடைமுறையில் இதற்கு இரண்டு விதிகள் போதும். இலை தண்ணீரைத் தொடாத மாதிரி வளருங்கள், பறித்ததை வேகவைத்துச் சாப்பிடுங்கள். பச்சையாகச் சாப்பிடுகிற இலைகளை இந்தத் தண்ணீரில் வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வணிக ரீதியாகச் செய்பவர்கள் வளர்க்கிறார்கள்தான். ஆனால் அவர்களுடைய அமைப்பு கூரைக்குள் மூடியிருக்கும், தண்ணீர்ப் பரிசோதனை நடக்கும். திறந்த குளத்துக்கு அந்த உறுதி கிடையாது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் உள்ள வீட்டில் இதில் சமரசமே வேண்டாம். எலி நடமாட்டம் இருந்தால் அதன் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரா (எலிக்காய்ச்சல் கிருமி) வரலாம். அது காயம் வழியாகவும் உள்ளே போகும் என்பதால், கையில் வெட்டு இருக்கும்போது கையுறை போட்டுத்தான் தொட்டியில் கைவிட வேண்டும்.

நீர்ச்செடிகளுக்கே உரிய இன்னொரு ஆபத்து ஈரல் தட்டைப்புழு. ஆடு மாடுகளின் சாணத்தில் வரும் முட்டை தண்ணீரில் பொரித்து, ஒரு வகை நன்னீர் நத்தைக்குள் வளர்ந்து, பிறகு செடியின் மேல் சின்ன உறையாக ஒட்டிக்கொள்ளும். வாட்டர்கிரெஸ்ஸைப் பச்சையாகத் தின்று இந்த நோய் வருவது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். கழுவினால் அந்த உறை போய்விடும் என்று நம்ப முடியாது, வேகவைத்தால் சாகும். உங்கள் குளம் குழாய்த் தண்ணீரில் நிரம்புவது, சுற்றிலும் கால்நடை இல்லை என்றால் இந்தச் சுழற்சி தொடங்கவே வழியில்லை. ஓடையிலோ கால்வாயிலோ தண்ணீர் எடுப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

மேலே சொன்னதில் சாப்பாடு வழியாக வருவதெல்லாம் வேகவைத்தால் தீர்ந்துவிடும். வேகவைத்தும் தீராதவைதான் எனக்குப் பெரிய கவலை. அதில் முதல் இடம் மீன் மருந்துக்கு. கோய் வளர்ப்பவர் யாரும் மருந்து ஊற்றாமல் இருந்திருக்க மாட்டார்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கு விற்கும் பல மருந்துகளில் மாலகைட் கிரீன் இருக்கும், பெரும்பாலும் ஃபார்மலினோடு கலந்து. உணவு மீனுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பல நாடுகள் தடை செய்திருக்கின்றன, காரணம் மரபணுவைப் பாதிக்கும் என்ற ஐயமும் மீனின் உடலில் அது நெடுநாள் தங்குவதும். அழகு மீனை யாரும் தின்னப் போவதில்லை என்பதால் அந்தச் சந்தையில் இந்தக் கட்டுப்பாடு தளர்வு. பாசி கொல்லிகள் பலவற்றில் தாமிரம் இருக்கும், அது எங்கும் போகாமல் அடிச்சேற்றில் படியும். ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் அது வேறு கதை. இவற்றில் எது எவ்வளவு கீரை இலைக்கு ஏறும் என்று எல்லாச் செடிக்கும் பொருந்தும் கணக்கு ஒன்றும் கிடையாது. அதனால் நான் சொல்லும் விதி கடுமையாகத்தான் இருக்கும்: மருந்துப் புட்டியில் 'உணவு மீனுக்கு அல்ல' என்று எழுதியிருந்தால், அந்தத் தண்ணீரில் நின்ற செடி உணவுக்கு அல்ல. பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி, ஜல்லியைக் கழுவி, புதுச் செடி நட்டுத் தொடங்குங்கள். உப்பு அந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனால் செடிக்கு ஆகாது. மீனுக்குச் சாதாரணமாகப் போடும் 0.3 சதவீதம் என்றால் உங்கள் குளத்துக்கு 12 கிலோ. உப்பு ஆவியாகாது, தண்ணீரை வெளியேற்றினால்தான் போகும். போன மழைக்கு முன் போட்ட உப்பு இன்னும் பாதி உள்ளே இருக்கலாம்.

இதே வரிசையில் நீலப்பச்சைப் பாசி. தண்ணீர் மேல் பெயின்ட் கொட்டியது மாதிரி ஆடை படிந்தால் அது அநேகமாக இதுதான். இதில் சில வகைகள் உருவாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. அந்த ஆடை இருக்கிற காலத்தில் கீரை பறிக்க வேண்டாம், மீனையும் தொடவிடாமல் ஆடையை ஓரமாக ஒதுக்கி வாரி எடுங்கள். அப்புறம் தொட்டி செய்த பொருள். பழைய பதப்படுத்திய மரப்பலகையில் ஆர்சனிக் கலவை இருக்கலாம், துத்தநாகம் பூசிய தகரம் மீனுக்கே ஆகாது. உணவுத் தர பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றையும்விட எளிது. நர்சரியில் வாங்கிய 'அழகுச் செடி' என்றால் பூச்சிக்கொல்லி தண்டுக்குள்ளேயே ஊறியிருக்கும் வாய்ப்பு உண்டு. அதன் இலையைச் சாப்பிடாமல், சில மாதம் வளரவிட்டு, புதுத் தண்டை வெட்டி நட்டு அதிலிருந்து பறியுங்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. அறுவடையை ஒரே நாளில் செய்யாதீர்கள். மொத்தமாக வெட்டினால் சத்தை இழுக்க ஆள் இல்லாமல் அடுத்த வாரம் நைட்ரேட்டும் பாசியும் ஏறும், மூன்றில் ஒரு பங்கு வீதம் மாற்றி மாற்றி வெட்டலாம். குளத்தின் மேற்பரப்பில் பாதியாவது திறந்திருக்கட்டும். இரவில் செடியும் மூச்சுவிடும், மீனுக்கும் ஆக்சிஜன் வேண்டும், விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் ஏர் பம்ப் போட வேண்டிய நேரம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதலில் நைட்ரேட்டும் பிஎச்சும் ஒரு வாரம் காலை மாலை பார்த்து எழுதிவைப்பேன். பிறகு பக்கத் தொட்டியை அமைத்து, ஒரு பாதியில் வள்ளைக்கீரையும் மறுபாதியில் பொன்னாங்கண்ணியும் நட்டு, முதல் வெட்டை உரக்குழிக்குப் போட்டுவிட்டு இரண்டாவது வெட்டிலிருந்து சமைப்பேன். புதினாவைத் தனிக் கூடையில்தான் வைப்பேன். குளத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியில்லை. கடைசியாக என்ன மருந்து ஊற்றினீர்கள், எப்போது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழாய்த் தண்ணீர் என்றால் அதில் கிருமி நீக்கக் கலப்பது குளோரினா குளோரமைனா (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) என்பதை எழுதுங்கள். மருந்துப் புட்டி இன்னும் வீட்டில் இருந்தால் அதில் அச்சிட்டிருக்கும் உட்பொருள் பெயர்களை அப்படியே எழுதினால் போதும், அதை வைத்து எத்தனை முறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று பார்க்கலாம்.